கீழ் ஸ்லாட்

கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறும்போது ரெஜினா தீர்மானமாகத்தான் இருந்தாள். புதுக் கார்டுதான். பழசோடு இன்னொரு பழசைச் சேர்த்துக் கட்டி இழுப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. ஊரப்பாக்கம் வந்தது, வண்டலூர் வந்தது, தீர்மானம் லேசாக ஆட்டம் கண்டது, பெருங்களத்தூரில் அது இருந்த இடமே தெரியவில்லை. பெண்கள் பெட்டியில் கூட்டமில்லை. பதினொன்றே முக்கால் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவள் புடவையில் போட்டு, வண்டி வளையும்போது எடுத்து, மறுபடி போட்டது. கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன் என்று காலையில் திண்டுக்கல்லில் இருக்கிற அக்காவிடம் போனில் சொன்னாள், அக்கா ரேஷன் கார்டைத் தொலைச்சுட்டியா என்றாள், இல்லக்கா கம்ப்யூட்டருக்குள்ள போடறது என்றாள், அதுக்குப் போய் ரயிலேறணுமா, வெயில்ல அலையாத, நாப்பத்தேழு வயசாகுது என்றாள் அக்கா. நாற்பத்தேழு. ஏழு வருஷமாக அதே கார்டு. வரைபடத்தில் கோடாகக் கிடக்கிற வீட்டுக்கு அவள் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்புவாள், தரைக்கு மார்பிள் போடுவாள், ஜன்னல் வழியாக ஒரு சாயங்கால வெயிலை உள்ளே விட்டு அதை சோபாவின் ஓரத்தில் படியவைப்பாள். இன்னும் அஸ்திவாரமே தோண்டாத வீட்டின் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் முன்பணம் கட்டுகிறார்கள். அந்த வெயில் எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று கண்டுபிடித்து ஒவ்வொரு புள்ளியாக வரைகிற வேலை கார்டுடையது. அது ஓடும்போது மெஷினுக்குள் விசிறி இரைகிற சத்தம்தான் வீட்டின் சத்தம். வேலை முடிந்து விசிறி அடங்கினால் அவளுக்குக் காது அடைத்தது போலாகிவிடும், எழுந்து போய்த் தேவையில்லாமல் குழாயைத் திறப்பாள். இப்போது வந்திருக்கிற வேலை பெரிசு, ஒரகடம் பக்கம் நானூறு வீடு, நடுவில் தோட்டம், நீச்சல் குளம், குளத்தில் வானம் வேறு தெரிய வேண்டும். காட்சியை ஏற்றினால் பாதியில் மெமரி போதவில்லை என்று நின்றுவிடுகிறது. மரங்களில் இலையைக் குறைத்தாள். ஜன்னல் திரைகளை எடுத்தாள். அப்புறம் ஆட்களை எடுத்தாள், குளத்தோரம் நாளிதழ் படிக்கிறவரை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணை, நாயோடு நடக்கிறவரை, ஒவ்வொருவராக எடுக்க எடுக்கக் கார்டு மூச்சு விட்டது, கடைசி ஆளும் போன பிறகு படம் முழுசாக வந்தது. செவ்வாய்க்கிழமை பில்டர் ஆபீசிலிருந்து போன். மேடம், எல்லாம் நல்லாருக்கு, ஆனா ஒரு ஆளுகூட இல்லையே, ஊரே காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு. போட்டுடறேன் சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை, கரகரவென்று ஏதோ வந்தது, சளியா மேடம் என்றான் அவன். சளி இல்லை. அதற்கு முன்னால் அவள் பேசியது சனிக்கிழமை, தண்ணீர் கேன் போடுகிறவரிடம், வச்சிட்டுப் போங்க என்று. ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன் ஒருமுறை ஹலோ என்று காலி அறையில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். குளியலறைக் கதவை உள்ளே தாழ் போடுவதையும் விட்டுவிட்டாள். வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும், திங்கட்கிழமை படம் போய்ச் சேரவில்லை என்று பில்டர் ஆபீசில்தான் முதலில் தெரியும், அவர்களும் இரண்டு நாள் திட்டிவிட்டுத்தான் யோசிப்பார்கள்.

தாம்பரத்தில் பெட்டி நிறைந்தது. மல்லிகைப்பூக் கூடையோடு ஒருத்தி வாசலில் உட்கார்ந்தாள், அந்த வாசனையும் தண்டவாளத்து இரும்பு நெடியும் கலந்து அடித்தன. ஒன்பது நாள். முன்பு கூட வேலை செய்த வஹிதாவிடமிருந்து செய்தி வந்து ஒன்பது நாளாகிறது. நான்கு வருஷம் ஒரு வார்த்தை இல்லை, பிறகு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது போன் மின்னுகிறது. ரெஜி, நானும் அம்மாவும் அடுத்த மாசம் அண்ணன்கிட்ட ஷார்ஜா போறோம். மெஷினைப் பிரிச்சு வித்துட்டிருக்கேன். அந்தக் கார்டு உனக்கு வேணுமா? அவ்வளவுதான். ரெஜினா அதை எத்தனை முறை படித்தாலும் கார்டுக்குப் போவதில்லை, முதல் வரியிலேயே கால் மாட்டிக்கொள்கிறது. நானும் அம்மாவும். அப்படியென்றால் அத்தா? வஹிதாவின் அத்தா, ராயப்பேட்டை வீட்டில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, வா திண்டுக்கல் பொண்ணே என்று கூப்பிடுகிறவர், நானும் அம்மாவும் என்கிற வரியில் மூன்றாவதாக அவர் இல்லை. வேணும் என்று அடித்தாள், அழித்தாள். எப்படி இருக்க என்று அடித்தாள், நான்கு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா அது, அழித்தாள். அத்தா என்று அடித்தாள், அதற்கு மேல் விரல் போகவில்லை. அதனால் கார்டைப் பற்றி மட்டும் யோசிப்பது என்று வைத்துக்கொண்டாள், அது சுலபம், அதற்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே மெஷினில் இரண்டு கார்டு போட்டால் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் மெமரி அதிகமாகாது. வஹிதாதான் இதை அவளுக்குச் சொன்னது, ஒரு மழை நாளில் இரண்டு பேரும் ஒரே மாதிரி இரண்டு கார்டு வாங்கி, நனையாமல் வஹிதாவின் துப்பட்டாவில் சுற்றி ஆட்டோவில் எடுத்து வந்த அன்றைக்கு. இதுல எட்டு அதுல எட்டு, ஆக பதினாறுன்னு நினைக்காதடி, எட்டு எட்டுதான். வீடு, மரம், ஆளு, வெளிச்சம், மொத்தத்தையும் ஒவ்வொண்ணும் தனித்தனியா தனக்குள்ள தூக்கி வச்சுக்கணும், அப்பதான் சேர்ந்து வேலை செய்யும். இரண்டையும் ரெஜினாவின் மெஷினிலேயே போட்டார்கள், மேல் ஸ்லாட்டில் ஒன்று, கீழ் ஸ்லாட்டில் ஒன்று. மேலே இருந்தது எப்போதும் கொதித்தது, கீழே இருப்பது விடுகிற சூட்டை அல்லவா அது மூச்சாக இழுக்கிறது, மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பி வைத்துவிட்டு இவர்கள் வியர்வையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆக, வஹிதாவின் கார்டை வாங்கிப் போட்டாலும் நானூறு வீட்டுக்குள் ஒரு ஆள்கூட வர முடியாது. இது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் ஒன்பது நாளாக எதை யோசித்தாள்? காட்சியை இரண்டாக வெட்டி முன்பாதி தனியாகப் பின்பாதி தனியாக எடுத்து ஒட்டலாம் என்று யோசித்தாள், மெஷினின் மின்சாரப் பெட்டியைப் பெரிசாக மாற்ற வேண்டியிருக்குமே என்று யோசித்தாள், ஏழு வருஷத்துக் கார்டு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்தாள், யோசிக்க யோசிக்க அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு சின்ன அறை கிடைத்துவிட்டது, அதில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம், போன் பண்ண வேண்டாம்.

"ஏம்மா, இது எக்மோர் நிக்குமா?"

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் அவளைத்தான் கேட்கிறாள். மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு, மூடியைத் துணியால் இறுகக் கட்டியிருந்தது.

"நிக்கும்மா. சேத்துப்பட்டுக்கு அடுத்தது. நான் சொல்றேன், பயப்படாதீங்க."

"பயமெல்லாம் இல்ல. மக பிரசவத்துக்கு வந்திருக்கா, ஆஸ்பத்திரி எக்மோர்ல. ரசம் கொண்டுபோறேன். நீ எங்க போற?"

"கடைக்கு. ஒரு சாமான் வாங்கணும்."

"தனியாவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் சாதாரணமாகக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தன் குரல் நன்றாகத்தான் வருகிறது என்று ரெஜினா நினைத்துக்கொண்டாள், நிக்கும்மா, நான் சொல்றேன், எவ்வளவு இயல்பாக வந்தது. இன்னும் ஏதாவது கேட்க மாட்டாளா என்று காத்திருந்தாள், பரங்கிமலை போயிற்று, கிண்டி போயிற்று, கேட்கவில்லை. மாம்பலம் தாண்டியதும் அவள் முன்யோசனையாக வலது பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடது பக்கம் பார்த்தால் கோடம்பாக்கத்தில் அந்த மாடி தெரியும், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இவர்கள் பதினோரு வருஷம் இருந்த அறை. இப்போது அங்கே என்னவோ. பல் டாக்டர் என்று யாரோ சொன்னார்கள். பதினோரு வருஷத்தில் வஹிதா மெஷினையும் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டாள், ரெஜினா சுவரையும் தரையையும். ஆட்களை வைப்பது வஹிதா. வெளிநாட்டுக்காரர்கள் செய்து விற்கிற பொம்மை மனிதர்களை அவள் வைக்கமாட்டாள், நம்மூர் வீட்டு வாசலில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் எதுக்குடி நிக்கறான் என்பாள். ராயப்பேட்டை மார்க்கெட்டில் போய் நின்று தெரிந்தவர்களிடம் சொல்லிப் படம் எடுத்து வருவாள், கீரைக்காரம்மா, இரண்டு கையிலும் பை தூக்கிய மாமா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற தபால்காரர், அவர்களைப் பக்குவமாக வெட்டி எடுத்துப் பதினைந்தாவது மாடி பால்கனியில் நிறுத்துவாள், நிழல் சரியாக விழுகிறதா என்று கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பாள். ஒருமுறை தன் அத்தாவையே ஒரு வில்லாவின் ஊஞ்சலில் உட்கார வைத்தாள், ரேடியோவோடு. அந்த வில்லாதான். அத்தாவுக்கு நெஞ்சுவலி என்று வஹிதா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளில், கடைசிப் படங்களை எடுத்து அனுப்பியது ரெஜினா. வில்லாவைக் கட்டுகிறவர்கள் அதைப் பரிசுப் போட்டிக்கு அனுப்பப் போகிறோம், செய்தவர் பேரைப் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். வஹிதா, ரெஜினா என்று எப்போதும் போல அடித்தாள். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனை நேரம்? ஒரு நிமிஷம் இருக்கும். விரல் போய் முன்னால் இருந்த பெயரைத் தின்றது, ஒவ்வொரு எழுத்தாக, கமாவையும் சேர்த்து. ஏன் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் கோர்வையாகச் சொல்ல வராது, எல்லோரும் வஹிதாவிடம்தான் பேசுவார்கள், வருகிறவர்கள் எல்லாம் வஹிதா மேடம் இல்லையா என்றுதான் கேட்பார்கள், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் பெயர் தனியாக எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. பார்த்தாள். அனுப்பிவிட்டாள். படம் பளபளக் காகிதத்தில் அச்சாகி வந்தபோது வஹிதா புரட்டிப் பார்த்துவிட்டு, என் பேரு இல்லையே ரெஜி என்றாள். அவங்க எடுத்துட்டாங்க போலிருக்கு வஹி, ஒரு பேருதான் போடுவாங்களாம் என்று ரெஜினா சொன்னாள். அவ்வளவு சரளமாக வந்தது. குரல் கரகரக்கவில்லை. வஹிதா சரி என்றாள். இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து, ஸ்க்ரூடிரைவர் எங்க என்று கேட்டு, தன் மெஷினைக் கட்டிவைத்துவிட்டு, ரெஜினாவின் மெஷினைத் திறந்து கீழ் ஸ்லாட்டிலிருந்த கார்டைக் கழற்றி எடுத்தாள். அத்தாவைப் பக்கத்திலிருந்து பார்க்கணும், வீட்டிலேருந்தே வேலை பண்றேன் என்றாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ரெஜினாவும் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள், அழுதிருப்பாள், ஏதாவது ஆகியிருக்கும். கழற்றின இடத்தில் ஒரு நீளக் கறுப்புப் பள்ளம், நாலு வருஷமாக மெஷினைத் துடைக்கத் திறக்கும்போதெல்லாம் அதில் தூசி சேர்ந்திருக்கும், ஊதுவாள், மூடுவாள். எக்மோர் வந்து அந்த அம்மாள் தானாகவே எழுந்து இறங்கிப் போனபோது, சொல்கிறேன் என்று சொன்னதை மறந்துவிட்டது ரெஜினாவுக்கு உறைத்தது.

பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனாள். சாந்தகுமார் கடை அப்படியே இருந்தது, மேஜைக்கு மேல் மட்டும் புதிதாக ஒரு கண்ணாடித் தடுப்பு, அவருக்கு மட்டும் முடி முழுசாக நரைத்திருந்தது. வாங்க மேடம், எவ்வளவு நாளாச்சு என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார், போட்ட கையோடு அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "எங்க, இன்னொரு மேடம் வரலையா? கண்ணாடி போட்டவங்க. வந்தா என்னை ஒரு வழி பண்ணிடுவாங்களே."

"இன்னைக்கு வரல" என்றாள். இன்னைக்கு என்கிற வார்த்தையைத் தான் சேர்த்துக்கொண்டது அவளுக்கே கேட்டது.

படத்தில் ஆட்களை வைக்க மெமரி போதவில்லை என்றாள், பழைய கார்டின் பெயரைச் சொன்னாள், அதற்கு ஜோடி கிடைக்குமா என்று கேட்டாள், கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல். அவர் சிரித்தார். "அதெல்லாம் வர்றது நின்னு போச்சு மேடம். யார் கையிலயாவது பழசு இருந்தாத்தான். அதையும் எவன் எப்படிக் காய்ச்சி எடுத்தானோ, நம்பி வாங்க முடியாது. தெரிஞ்சவங்க வச்சிருந்தது உங்களுக்குக் கிடைக்குமா?"

"கிடைக்கும்னு நினைக்கிறேன்."

"அப்ப கேட்டுப் பாருங்க. இல்லைன்னா இதை எடுத்துக்கோங்க." உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பழைய கார்டு இரண்டு சேர்ந்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு இருக்கும் போலிருந்தது. "இது ஒண்ணே போதும். நீங்க எத்தனை ஆளை வேணும்னாலும் நிக்க வைக்கலாம்."

ஒரு போன் பண்ணிட்டு வர்றேன் என்று எழுந்து வெளியே வந்தாள். தெருவில் கேபிள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் வழி வழி என்று கத்திக்கொண்டு போனார். கடை ஓரமாக, மூடியிருந்த ஒரு ஷட்டரோடு ஒட்டி நின்றாள். ஷட்டர் சுட்டது. ஹலோ என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கார்டைப் பற்றித்தான் கேட்கப்போகிறோம், விசிறி சத்தம் போடுகிறதா, எந்தச் சூட்டில் ஓடுகிறது, கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள் வஹிதா.

"சொல்லு ரெஜி."

"நான்தான்" என்றாள் ரெஜினா.

"தெரியுது, பேரு வருதுல்ல."

பேரை அழிக்கவில்லை. பேரை அவள் அழிக்கவில்லை. "அந்தக் கார்டு இருக்கா வஹி?" என்றாள்.

"அதைக் குடுத்துட்டேனே. செவ்வாய்க்கிழமை. மாடியில வாடகைக்கு இருக்கறவர் எடிட்டிங் பண்றார், அவர் கேட்டார். நீ பாத்தேன்னு காட்டுச்சு, பதிலே போடல."

"ஆமா. போடல."

முதலில் நிம்மதி வந்தது. சுமையை இறக்கி வைத்த மாதிரி தோளெல்லாம் தளர்ந்தது, கார்டு இல்லை, கேள்வி இல்லை, பெட்டியை வாங்கிக்கொண்டு ரயிலேறலாம். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது, அதற்கப்புறம் பேச எதுவுமே இல்லை என்பது தெரிந்தது. ஒன்பது நாளாகக் கையில் பிடித்திருந்தது போய்விட்டது. "அப்ப நான் புதுசே வாங்கிக்கறேன்" என்றாள்.

"வாங்கிக்கோ. மெமரி பெருசா பாத்து வாங்கு. மெஷின் உள்ள நீளம் அளந்தியா? இப்ப வர்றதெல்லாம் ஒரு முழம் இருக்கு."

"அளக்கல."

"அளக்காம கடைக்குப் போயிருக்க." வஹிதாவின் குரல் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பழைய குரலாக இருந்தது. பிறகு அவளே அதை உணர்ந்தவள் போல, "சரி, வேற ஒண்ணுமில்லையே?" என்றாள்.

"வஹி, அந்தப் பேரை நான்தான் எடுத்தேன்." நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. "வில்லா படத்துல. அவங்க எடுக்கல. அவங்க எடுத்துட்டாங்கன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அனுப்பின ஃபைலை நம்ம ஃபோல்டர்லதானடி வச்சிருந்த. அன்னைக்கு சாயங்காலமே பாத்தேன். நீயா சொல்லுவேன்னு ரெண்டு வாரம் பாத்தேன்."

அந்த இரண்டு வாரம். தினமும் பத்து மணிக்கு வந்து, டீ வாங்கி வரச் சொல்லி, வெளிச்சம் சரி பண்ணி, சாயங்காலம் போய்க்கொண்டிருந்தாளே, அத்தனை நாளும் தெரிந்துகொண்டே, காத்துக்கொண்டே. தினமும் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது, ரெஜினா அதன் வழியாக வெளிச்சம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது, அது கிறிஸ்துமஸ் கார்டில் அச்சடித்த மாதிரி இருந்தது, விழுங்கினாள். "அத்தா?" என்றாள்.

"ரெண்டு வருஷமாச்சு. மார்ச்சுல." வஹிதா எதையோ நகர்த்துகிற சத்தம், அட்டைப் பெட்டியாக இருக்கும். "கடைசியா ஆஸ்பத்திரில இருந்தப்ப உன்னைக் கேட்டார். திண்டுக்கல் பொண்ணு வரலையான்னு. வேலை ஜாஸ்தி அத்தா, ஞாயித்துக்கிழமை வருவான்னு சொல்லி வச்சேன்."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவில் போகிற யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஞாயித்துக்கிழமை வருவா. அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேட்டால் வஹிதா உண்மையைச் சொல்லிவிடுவாள். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம், இந்தப் பக்கம் ஹாரன். வைத்துவிடுவாள், இப்போது வைத்துவிடுவாள் என்று ரெஜினா காத்திருந்தாள். அப்போது தூரத்தில், வீட்டுக்குள்ளிருந்து, வஹிதாவின் அம்மா கேட்பது கேட்டது.

"யாருடி போன்ல?"

"யாரும் இல்லம்மா, ரெஜிதான்" என்றாள் வஹிதா. பிறகு போனில், "அம்மாவுக்கு மாத்திரை குடுக்கணும். வைக்கிறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ரெஜினா உள்ளே போய் அந்தப் பெட்டியையே போடச் சொன்னாள். நீளம் ஒத்துவரலைன்னா திங்கட்கிழமை கொண்டாங்க, மாத்தித் தர்றேன் என்றார் சாந்தகுமார். பில் போடும்போது அவர் ஏதோ சொன்னார், அவளும் ஏதோ சொன்னாள். திரும்பும் ரயிலில் உட்கார இடமில்லை, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நின்றாள். யாரும் இல்லம்மா, ரெஜிதான். அதை எந்தப் பக்கம் அழுத்திச் சொன்னாள் என்பது பிடிபடவில்லை. யாரும் இல்லம்மா என்பதில் அழுத்தினால் அது ஒன்று. அம்மாவிடம் சொல்லக்கூட லாயக்கில்லாத, ஒதுக்கித் தள்ளின, ஒன்றுமில்லாதவள் என்றாகிறது. ரெஜிதான் என்பதில் அழுத்தினால் வேறு, கதவு தட்டுகிற சத்தம் கேட்டு உள்ளேயிருந்து யாரு என்று கேட்டால், வெளி ஆள் இல்லை, எழுந்து வரவேண்டாம், புடவையைச் சரி செய்ய வேண்டாம், நம்ம ஆள்தான் என்று சொல்வார்களே, அது. அப்படித்தான் முன்பெல்லாம் சொல்வாளா? ஞாபகமில்லை. நான்கு வருஷத்தில் ஒருநாளும் அந்த வீட்டில் தன் பெயர் எப்படிச் சொல்லப்பட்டது என்று யோசித்ததில்லை. சைதாப்பேட்டை பாலத்தில் வண்டி தடதடத்தபோது, அந்தச் சத்தத்தின் தைரியத்தில், வஹிதா சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தாள், ஒருமுறை, இன்னொரு முறை, அவள் குரலின் ஏற்ற இறக்கத்தோடு, உதடு அசைய. பக்கத்தில் நின்ற பெண் என்னம்மா என்று திரும்பினாள். ஒண்ணுமில்ல என்று தலையை ஆட்டிவிட்டு ரெஜினா மறுபடி முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிக் கேட்டாள். விசிறிச் சத்தம், அம்மாவின் கேள்வி, அப்புறம் அது. இரண்டு பாதிக்கும் நடுவில் வஹிதா மூச்சு விடவே இல்லை.